பழைய ஐபிஎம் மாடல் எம் விசைப்பலகையை ஆராய்ந்து மீட்டெடுக்கும் முறை

ஐபிஎம் நிறுவனம் 1985-ஆம் ஆண்டில் கொண்டுவந்த மாடல் எம் விசைப்பலகையோடு சேர்த்து விற்கப்பட்ட கணினிகள் பெரும்பாலும் பழைய இரும்புக்குப் போய்விட்டன. விசைப்பலகைகளோ இன்றும் பழம்பொருள் சந்தைகளில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஏறத்தாழ இரண்டேகால் கிலோ எடை, உள்ளே வளைந்த எஃகுத் தகடு, ஒவ்வொரு விசைக்கும் தனியாக ஒரு ஸ்பிரிங், அழுத்தும்போதெல்லாம் தெளிவாகக் கேட்கும் ஒரு சொடுக்கொலி என்று அமைந்த இந்தப் பொருளை, முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்தும் சரியான நிலைக்குக் கொண்டுவந்து தினமும் தட்டச்சுச் செய்ய முடியும். ஆனால் கையில் கிடைத்தவுடன் பிரித்துக் கழுவத் தொடங்குவதுதான் இதற்கு நேரும் பெரிய கேடு. எந்த விசை எப்படி ஒலிக்கிறது, எது பதிவாகவில்லை, எந்த இடத்தில் பிடிப்பு தளர்ந்திருக்கிறது என்பதை முதலில் குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்பு எவ்வளவு தூரம் பிரிக்கச் சொல்கிறதோ அவ்வளவு தூரம் மட்டுமே பிரிக்க வேண்டும்.

பின்புறச் சீட்டு

விசைப்பலகையைத் திருப்பினால் அடிப்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். பாக எண், வரிசை எண், தயாரித்த தேதி, ஆலையின் எண் ஆகியவை அதில் இருக்கும். மிகப் பரவலாகக் கிடைக்கும் அமெரிக்க ஆங்கில வடிவத்தின் பாக எண் 1391401. அதற்கு முந்தையது, வலது மேல் மூலையில் சதுரமான வெள்ளி நிறச் சின்னம் பதித்த 1390131. இடது மேல் மூலையில் சாம்பல் நிற நீள்வட்டச் சின்னம் இருந்தால் அதற்குப் பிந்தையது என்றும், அந்தச் சின்னம் நீல எழுத்தில் இருந்தால் தொண்ணூறுகளில் வந்தது என்றும் கொள்ளலாம். அமெரிக்காவில் இவை கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில், ஐபிஎம்மின் மின் தட்டச்சுப் பொறிகள் உருவான அதே ஆலையில் தயாராயின. ஐரோப்பாவுக்கானவை ஸ்காட்லாந்தின் கிரீனக் நகரிலும் செய்யப்பட்டன. 1991-இல் லெக்சிங்டன் ஆலை லெக்ஸ்மார்க் என்ற தனி நிறுவனமாகப் பிரிந்தது. 1996-இல் லெக்ஸ்மார்க் விசைப்பலகைத் தொழிலை விட்டபோது, அதே ஊரில் தொடங்கப்பட்ட யூனிகாம்ப் நிறுவனம் அச்சுகளையும் இயந்திரங்களையும் வாங்கிக்கொண்டது. உதிரிப் பாகம் தேடுவோருக்கு இந்த வரலாறு நேரடியாகப் பயன்படுகிறது: யூனிகாம்ப் செய்யும் கீகேப்புகளும் (விசைமூடிகளும்) ஸ்பிரிங்குகளும் பழைய ஐபிஎம் பலகைகளுக்கும் பெரும்பாலும் பொருந்துகின்றன.

சீட்டைத் துணியால் மென்மையாகத் துடைத்தால் போதும். நீரோ ஆல்கஹாலோ படக்கூடாது. அதில் உள்ள எழுத்து அழிந்துவிட்டால், அந்தப் பலகை எப்போது எங்கே பிறந்தது என்பதற்கு வேறு சான்று கிடைப்பது அரிது. முதல் வேலையாக அதைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு முன்பு வந்த மாடல் எஃப் என்ற விசைப்பலகையும் இதே தோற்றமும் ஒலியும் உடையது. ஆனால் அதன் உள்ளமைப்பு வேறு. மெம்பிரேன் எனப்படும், மின்தடங்கள் பதித்த மெல்லிய பிளாஸ்டிக் அடுக்குகளுக்குப் பதிலாக மின்தேக்கத் தத்துவத்தில் இயங்கும் சர்க்யூட் போர்டு இருக்கும், உட்பகுதியை இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் முளைகளான ரிவெட்டுகள் இல்லை. இங்கே சொல்லப்படுபவற்றை அதற்கு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

கேட்டும் தொட்டும் அறிதல்

ஒரு விசையை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால், மற்ற எல்லாப் பழுதுகளும் தாமாகவே விளங்கும். கீகேப்பின் கீழே ஒரு குழல். குழலுக்குள் செங்குத்தாக ஒரு மெல்லிய ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் அடி, ஹேமர் எனப்படும் ஒரு சிறு பிளாஸ்டிக் தட்டில் பொருத்தப்பட்டிருக்கும். விசையை அழுத்தும்போது ஸ்பிரிங் முதலில் நேராகச் சுருங்குகிறது. ஓர் அளவுக்கு மேல் சுருங்க இடமில்லாமல், இடுப்பொடிந்தாற்போல் சட்டென்று ஒரு பக்கமாக வளைகிறது. வளையும் அந்தக் கணத்தில் அது குழலின் சுவரில் மோதி ஒலியெழுப்புகிறது. அதே கணத்தில் அதன் அடி சாய்ந்து ஹேமரைச் சாய்க்க, ஹேமர் கீழே உள்ள மெம்பிரேனின் அடுக்குகளை ஒன்றோடொன்று அழுத்தி மின்தொடர்பை உண்டாக்குகிறது. இந்த வளையும் ஸ்பிரிங் அமைப்புக்கு 1978-இல் ரிச்சர்ட் ஹாரிஸ் என்ற ஐபிஎம் பொறியாளரின் பெயரில் காப்புரிமை வழங்கப்பட்டது. விரலுக்குத் தெரியும் தளர்வு, காதுக்குக் கேட்கும் சொடுக்கு, கணினிக்குப் போகும் எழுத்து ஆகிய மூன்றும் ஒரே அசைவிலிருந்து பிறக்கின்றன என்பதுதான் இதன் சிறப்பு. அந்த மூன்றில் எது தவறுகிறது என்று கவனித்தாலே பழுது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

எனவே கணினியோடு இணைக்கும் முன்பே, அமைதியான ஓர் அறையில் பலகையை மேசைமீது வைத்து, இடது மேல் மூலையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு விசையையும் மெதுவாக ஒருமுறை, விரைவாக ஒருமுறை அழுத்துங்கள். விசைகளின் படம் வரைந்த ஒரு தாளில் குறித்துக்கொண்டே போங்கள். சொடுக்கு இல்லாமல் மொத்தையாகக் கீழே இறங்கும் விசையில் ஸ்பிரிங் இடம்பெயர்ந்திருக்கும், வளைந்திருக்கும், அல்லது இல்லாமலே போயிருக்கும். பல நேரங்களில் கீகேப்பைக் கழற்றி மீண்டும் ஒழுங்காகப் பொருத்தினாலே இது சரியாகிவிடும். ஒலி இருக்கிறது, ஆனால் பக்கத்து விசைகளைவிட மங்கலாகவும் ஆழத்திலிருந்து வருவது போலவும் கேட்கிறது என்றால், அந்தப் பகுதியில் எஃகுத் தகட்டின் பிடிப்பு தளர்ந்திருக்கிறது என்று ஐயப்படலாம். இப்படிப்பட்ட மங்கலான விசைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இல்லாமல் ஒரே இடத்தில் கூட்டமாக இருந்தால் ஐயம் ஏறக்குறைய உறுதியாகிறது. அழுத்திய விசை மேலே எழாமல் நின்றால், பெரும்பாலும் சிந்திய தேநீரோ குளிர்பானமோ உள்ளே காய்ந்து பசையாகியிருக்கும்.

அடுத்து, பலகையை இரண்டு கைகளாலும் பிடித்துக் காதருகே மெல்லச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே சிறு துகள்கள் உருளும் ஓசை கேட்டால் அவை உடைந்த ரிவெட் தலைகள். ஒன்றிரண்டு உருண்டால் கவலை வேண்டாம். கைப்பிடி மணல்போல் ஓடினால் பின்னால் சொல்லப்படும் போல்ட் வேலைக்குத் தயாராக வேண்டியதுதான்.

இணைத்துப் பார்த்தல்

பெரும்பாலான மாடல் எம் பலகைகளின் முனை, ஆறு ஊசிகள் கொண்ட வட்டமான பிஎஸ்/2 முனை. பழையவற்றில் சற்றுப் பெரிய ஐந்து ஊசி முனையும் உண்டு, அதைப் பிஎஸ்/2 ஆக மாற்ற வெறும் கம்பி இணைப்புள்ள மாற்றுமுனை போதும். கணினியில் பிஎஸ்/2 துளை இருந்தால், மின்சாரத்தை முழுவதும் நிறுத்திய பிறகே செருக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் செருகுவதற்காக வடிவமைக்கப்பட்ட இணைப்பு அன்று அது. பலகையோ தாய்ப்பலகையோ பழுதாகக்கூடும். யூஎஸ்பி மட்டும் உள்ள கணினிக்கு, குறிகளை மொழிமாற்றும் சில்லு உள்ள கன்வெர்ட்டர் தேவை. மிக மலிவான கன்வெர்ட்டர்கள் இந்தப் பழைய பலகைகள் இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்காமல் விட்டுவிட்டு வேலை செய்வதுண்டு. ஆகவே பலகை செத்துவிட்டது என்று முடிவுகட்டும் முன் வேறொரு கன்வெர்ட்டரில் கட்டாயம் சோதியுங்கள். தொலைபேசிச் செருகி போன்ற முனையோடு 122 விசைகள் கொண்ட பலகை கிடைத்தால், அது பெருங்கணினி முனையங்களுக்கானது. அதன் குறித்தொகுதி வேறு என்பதால் சாதாரண கன்வெர்ட்டர் உதவாது.

விளக்குகள் உள்ள பலகையில், மின்சாரம் கிடைத்தவுடன் மூன்று விளக்குகளும் ஒருமுறை மின்னி அணையும். அது உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு விழித்துத் தன்னைச் சோதித்துக்கொண்டதற்கான அடையாளம். அவை மின்னவே இல்லையென்றால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். 1391401 போன்றவற்றில் கேபிள் பின்புறம் கழற்றிச் செருகும் வகை என்பதால், மல்டிமீட்டர் கொண்டு முனைக்கு முனை தொடர்ச்சி பார்ப்பது எளிது.

பிறகு விசைச் சோதனை நிரல் ஒன்றைத் திறந்து, தாளில் உள்ள அதே வரிசையில் ஒவ்வொரு விசையையும் அழுத்துங்கள். சொடுக்கு நன்றாக இருந்தும் எழுத்து வராத ஒற்றை விசை, அந்த இடத்தின் பிடிப்புத் தளர்வைச் சொல்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இடங்களில் உள்ள பல விசைகள் சேர்ந்தாற்போல் வேலை செய்யவில்லையென்றால், அவை மெம்பிரேனில் ஒரே மின்தடத்தைப் பகிர்ந்துகொள்பவையாக இருக்கும். மெம்பிரேன் 8 வரிசையும் 16 நெடுவரிசையும் கொண்ட கட்டமாக அமைந்தது. அதில் ஒரு தடம் அறுந்தால் அதன்மேல் உள்ள எல்லா விசைகளும் ஒன்றாக ஊமையாகும். மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தும்போது மூன்றாவது பதிவாகாமல் போவதைப் பழுதென்று எண்ணிவிட வேண்டாம். இரண்டு விசைகளுக்கு மேல் எல்லாச் சேர்க்கைகளையும் அறியும்படி இந்தப் பலகை வடிவமைக்கப்படவில்லை.

கீகேப்புகளும் உறையும்

கழற்றுவதற்கு முன் விசை வரிசையைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மாடல் எம் பலகைகளில் கீகேப் இரண்டு துண்டுகளாலானது: எழுத்துள்ள மேல்மூடி தனியே வரும், அதைத் தாங்கும் தண்டு குழலிலேயே நிற்கும். கம்பியாலான கீகேப் இழுப்பானைக் கொண்டு நேராக மேலே தூக்குங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் குழலின் விளிம்பு கீறும். என்டர், ஷிப்ட் போன்ற அகலமான விசைகளின் அடியில், குழலுக்குள் செருகப்பட்ட சிறு பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். விசை கோணாமல் இறங்க அவைதான் காரணம், கழுவும்போது அவை எளிதில் தொலைந்துபோகும். ஸ்பேஸ் பாரோடு ஒரு நீண்ட கம்பியும் வரும்.

கீகேப்புகள் பிபிடி என்ற உறுதியான பிளாஸ்டிக்கால் ஆனவை. எழுத்துகள் மேலே அச்சிட்டவையாக இல்லாமல் சாயமாகப் பிளாஸ்டிக்குள் ஊறியவை என்பதால் கழுவினாலும் தேய்த்தாலும் போகா. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவம் சிறிது கலந்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதுமானது. அசிட்டோனும் உராய்வுப் பஞ்சும் வேண்டாம். உராய்வுப் பஞ்சு அழுக்கை எடுக்கிறதோ இல்லையோ, விரலுக்கு இதமான அந்தச் சொரசொரப்பை மழுக்கிவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. கழுவியவற்றைத் துணியில் கவிழ்த்துப் பரப்பி இரண்டு நாள்களாவது காயவிடுங்கள். தண்டின் உட்குழியில் ஒரு துளி நீர் தங்கினாலும் அது நேரே ஸ்பிரிங்கின் மேல் விழுந்து துருவாகும்.

உறையை மூடியிருப்பவை பின்விளிம்பில் ஆழத்தில் பதிந்த நான்கு அறுகோணத் தலை திருகுகள். இவற்றுக்கு 5.5 மில்லிமீட்டர் நட் டிரைவர் வேண்டும். சுவர் மெல்லியதாகவும் கழுத்து நீளமாகவும் இல்லாத சாதாரண சாக்கெட் அந்தத் துளைக்குள் இறங்காது. திருகுகளை எடுத்த பின் மேலுறையின் பின்விளிம்பைத் தூக்கி, முன்விளிம்பின் கொக்கிகளிலிருந்து விடுவிக்கலாம். உள்ளே சர்க்யூட் போர்டுக்குள் செருகியிருக்கும் மெம்பிரேனின் வால்களை நேராக, மெதுவாக, இரண்டு பக்கமும் சமமாக இழுத்துக் கழற்றுங்கள். கோணலாக இழுத்தால் தடம் உரிந்துவிடும். தரையிணைப்புக் கம்பியின் திருகையும் மறக்க வேண்டாம். இப்போது வெறும் உறையைத் தாராளமாக நீரில் கழுவலாம். ஆனால் விசைகளின் குழல்கள் அமைந்த குழல்தட்டும் எஃகுத் தகடும் இணைந்திருக்கும் உட்பகுதியை எக்காரணம் கொண்டும் நீரில் முக்கக் கூடாது. மெம்பிரேன் அடுக்குகளுக்கிடையே புகும் நீர் வெளியேற வழியில்லாமல் தங்கி மின்தடங்களை அரிக்கும். தூரிகையும் தூசி உறிஞ்சியும், பிசுபிசுத்த இடங்களுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக்குச்சியும் போதும்.

மஞ்சள் படிந்த உறையை ஹைட்ரஜன் பெராக்சைடும் புற ஊதா ஒளியும் கொண்டு வெளுக்கும் வழக்கம் பழங்கணினி ஆர்வலரிடையே பரவியிருக்கிறது. வெளுத்த நிறம் மீண்டும் மஞ்சளாவதும், சீராக வெளுக்காமல் திட்டுத் திட்டாவதும் இதில் உண்டு. சுத்தமாகத் துடைத்த உறையின் இயல்பான மஞ்சளை அப்படியே விட்டுவிடுவதே என் விருப்பம்.

ரிவெட்டுகள்

மாடல் எம்மின் உண்மையான பலவீனம் இங்கேதான் இருக்கிறது. குழல்தட்டின் அடியிலிருந்து சுமார் ஐம்பது அறுபது சிறு பிளாஸ்டிக் முளைகள் நீண்டு, ரப்பர் விரிப்பு, மெம்பிரேன், எஃகுத் தகடு ஆகியவற்றின் துளைகளைக் கடந்து வந்து, தகட்டின் பின்னால் சூட்டால் உருக்கித் தலைகளாக்கப்பட்டிருக்கும். மொத்த அடுக்கையும் இறுக்கிப் பிடிப்பவை இந்தத் தலைகள் மட்டுமே. ஆண்டுகள் செல்லச் செல்ல இந்தப் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை பெறுகிறது. வளைந்த தகட்டின் இழுப்பு எப்போதும் இருப்பதால் தலைகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன.

தகட்டின் பின்பக்கத்தை ஒரு விளக்கின் கீழ்ப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். முழுதாக உள்ள தலை, காளான்போல் உருண்டு பளபளப்பாக நிற்கும். உதிர்ந்த இடத்தில் துளைக்குள் முளையின் முறிந்த முகம் வட்டமாக, மங்கலாகத் தெரியும். நகத்தால் மெல்லத் தள்ளினால் அசையும் தலைகளும் உண்டு. அவற்றையும் உதிர்ந்த கணக்கில் சேருங்கள். தாளில் முன்பு குறித்த மங்கலான விசைகளையும் இந்தத் துளைகளின் இடங்களையும் ஒப்பிடுங்கள். ஓரங்களில் சிதறலாக ஐந்தாறு தலைகள் மட்டும் போயிருந்து, எல்லா விசைகளும் தெளிவாக ஒலித்துப் பதிவாகின்றன என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரு பகுதியில் மட்டும் இழப்பு என்றால், அந்த முளைகளின் எச்சத்தில் பின்புறமிருந்தே மெல்லிய துளையிட்டுச் சிறு எம்2 (2 மில்லிமீட்டர் விட்டமுள்ள) திருகுகளை முறுக்கினால் பிடிப்பு திரும்பிவிடும். அடுக்கைப் பிரிக்கவே தேவையில்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால், அல்லது மெம்பிரேனையே சீராக்க வேண்டியிருந்தால், முழுப் போல்ட் மாற்றம்தான் வழி.

முழு மாற்றத்துக்கு ஒரு விடுமுறை நாளை ஒதுக்குங்கள். எல்லாக் கீகேப்புகளையும் தண்டுகளையும் எடுத்த பின், குழல்தட்டின் முகம் கீழே இருக்கும்படி துணிமேல் கவிழ்த்து, மீதமுள்ள ரிவெட் தலைகளைக் கூரான உளியால் தகட்டோடு ஒட்டிச் சீவுங்கள். தகட்டை மெதுவாகத் தூக்கினால் மெம்பிரேனும் ரப்பர் விரிப்பும் தெரியும். அவற்றின் கீழே ஸ்பிரிங்குகளோடு ஹேமர்கள் வரிசையாக அமர்ந்திருக்கும். அவற்றை இடுக்கியால் எடுத்து ஒரு டப்பாவில் சேருங்கள். ஸ்பிரிங் வளைந்திருந்தால் நிமிர்த்த முயல வேண்டாம். நிமிர்த்திய ஸ்பிரிங் பழைய இடத்தில் வளையாது, அதன் ஒலியும் கனமும் மாறிவிடும். ஹேமரோடு சேர்த்து மாற்றுவதே சரி.

முளைகளின் எச்சத்தைத் தட்டின் மட்டத்துக்குச் சீவிவிட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் கூர்முனையால் ஒரு குழி பதித்து, 1.5 அல்லது 1.6 மில்லிமீட்டர் துளைமுனையால் செங்குத்தாகத் துளையிடுங்கள். வேகம் குறைவாக இருக்கட்டும். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி முனையில் சுற்றிக்கொள்ளும், துளையும் விலகும். ஸ்பேஸ் பாருக்கு அருகில் உள்ள கடைசி வரிசையில் சுவர் குறுக்கிடுவதால் துளையிடுவது கடினம்; அங்கே அவசரப்பட்டால் தட்டே விரிசல் விடும். அந்த வரிசையில் ஒன்றிரண்டு துளைகளை விட்டுவிட்டாலும் பிடிப்புக்குக் குறைவில்லை. எல்லாத் துளைகளும் முடிந்த பின் பிளாஸ்டிக் துருவல் ஒன்றுகூட மிஞ்சாமல் தூரிகையால் துடைத்தெடுங்கள். மெம்பிரேனுக்கடியில் ஒரு துருவல் சிக்கினால் அந்த விசை அழுத்தியபடியே நிற்கும். எஃகுத் தகட்டில் மேலோட்டமான துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, துருத்தடுப்பு வண்ணம் பூசிக் காயவிடலாம். தகட்டின் வளைவை மட்டும் நிமிர்த்திவிடக் கூடாது.

மெம்பிரேனில் அறுந்த தடத்தை மல்டிமீட்டரால் கண்டுபிடித்து, மின்கடத்தும் வெள்ளி மையால் மெல்லிய கோடாக இணைத்து நன்றாக உலரவிடுங்கள். பல தடங்கள் அரித்துப் போயிருந்தால் புதிய மெம்பிரேன் வாங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மீண்டும் பூட்டுதல்

கவிழ்த்த குழல்தட்டில் ஸ்பிரிங்கோடு கூடிய ஹேமர்களை ஒவ்வொன்றாக இடத்தில் அமர்த்துங்கள். எல்லாம் ஒரே திசையில், தட்டையாகப் படுத்திருக்க வேண்டும். அதன்மேல் ரப்பர் விரிப்பு, மெம்பிரேன், எஃகுத் தகடு என்ற வரிசையில் வையுங்கள். துளைகள் எல்லாம் நேராகியிருக்கின்றன என்று பார்த்து, நடு வரிசையில் நான்கைந்து எம்2 போல்ட்டுகளை முகப்பக்கத்திலிருந்து செருகிப் பின்னால் நட் போட்டுத் தளர்வாக முடுக்குங்கள். பெரும்பாலான இடங்களுக்கு 8 மில்லிமீட்டர் நீளம் பொருந்தும். இந்தக் கட்டத்தில் நிறுத்தி, பலகையைத் திருப்பி, குழல்களுக்குள் மேலிருந்து பாருங்கள்: ஒவ்வொரு ஸ்பிரிங்கும் குழலில் நேராக நிற்க வேண்டும். கோணி நிற்பதன் ஹேமர் நழுவியிருக்கிறது. இப்போது சரிசெய்வது எளிது, ஐம்பது போல்ட்டுகளையும் முடுக்கிய பிறகு கண்டால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும். சரியாக இருந்தால் நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி, ஒரே முறையில் இறுக்காமல் இரண்டு மூன்று சுற்றுகளாக முடுக்குங்கள். நட் தகட்டைத் தொட்ட பின் கால் சுற்று போதும். அதற்கு மேல் இறுக்கினால் பழைய பிளாஸ்டிக் விரியும், விசைகள் தாமாகவே அழுந்தவும் செய்யும்.

கீகேப்புகளைப் பொருத்தும்போது பலகையை மேசைமீது படுக்கவைக்காமல், ஸ்பேஸ் பார் பக்கம் மேலே இருக்கும்படி செங்குத்தாக நிறுத்திக்கொள்ளுங்கள். அப்படி நிறுத்தினால் ஸ்பிரிங் உரிய பக்கம் சாய்ந்து, தண்டின் உட்புறக் குமிழில் தானாகப் பொருந்தும். ஒவ்வொன்றையும் பொருத்தியவுடன் அழுத்திக் கேளுங்கள். சொடுக்கு வரவில்லையென்றால் உடனே எடுத்து மீண்டும் பொருத்துங்கள்.

உறையை மூடுவதற்கு முன் வால்களைச் செருகி, தரையிணைப்பைத் திருகி, முழு விசைச் சோதனையையும் முதல் தாளோடு ஒப்பிட்டு மறுபடி செய்யுங்கள். பிறகு ஒரு வாரம் பயன்படுத்திவிட்டு, உறையைத் திறந்து எல்லா நட்டுகளையும் தொட்டுப் பாருங்கள். புதிய பிடிப்பில் தகடு அமர்ந்த பின் சில தளர்ந்திருக்கும், அவற்றைக் கால் சுற்று முடுக்கி உறையை மூடலாம். நீங்கள் செய்த மாற்றங்களையும் தேதியையும் ஒரு சிறு தாளில் எழுதி உறைக்குள் ஒட்டிவையுங்கள். அடுத்துத் திறப்பவருக்கு எந்தப் போல்ட் எந்த அளவு, எந்தத் தடத்தில் மை பூசப்பட்டது என்பது அதிலிருந்து தெரியும்.